தொகுப்பு மேசை: நழுவும் ஒலியும் உடையும் எழுத்தும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திருமண வீடியோவைப் பற்றியவை. வைகாசி முகூர்த்தங்களில் எடுத்தவை இப்போதுதான் எடிட்டிங் மேசைக்கு வந்திருக்கும் என்பதால் அதில் வியப்பில்லை. கடிதம் எழுதியவர்களில் பலர், ‘வேறு எந்த மென்பொருளுக்கு மாறலாம்?’ என்று கேட்டு முடித்திருக்கிறார்கள். இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட மென்பொருளை மாற்ற வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து. பழுது எந்த இடத்தில் உள்ளே நுழைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், கையில் இருப்பதை வைத்தே சரிசெய்துவிடலாம்.

கேள்வி: ஐயா, எங்கள் அக்காள் மகள் திருமணத்தைக் கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்தி, நாற்பது நிமிடம் இடைவிடாமல் எடுத்தேன். கைப்பேசியில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கணினியில் டைம்லைனில் போட்டால், தவில்காரரின் கை விழுந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கிறது. ஒலியை நகர்த்திச் சரிசெய்தால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் நழுவிவிடுகிறது. என்ன செய்வது?
– திருமங்கலம் வாசகர்

பதில்: ‘மீண்டும் நழுவிவிடுகிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் பாதி தெரிந்துவிட்டது. ஒலி விலகல் மூன்று விதமாக வரும். தொடக்கத்தில் எவ்வளவு விலகியிருந்ததோ கடைசிவரை அவ்வளவே இருந்தால், கிளிப்பை வைத்த இடம் தவறு. ஒருமுறை நகர்த்தினால் தீர்ந்துவிடும். நேரம் செல்லச் செல்ல ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால், ஒலியை எடுத்த கருவியும் படத்தை எடுத்த கருவியும் வேகத்தில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஓர் இடத்தில் சரியாகவும் அடுத்த இடத்தில் விலகியும் இருந்தால், வீடியோவின் ஃபிரேம் வேகமே, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கே, நிலையாக இல்லை. உங்களுடையது இந்த மூன்றாவது வகை.

கைப்பேசி விநாடிக்கு 30 ஃபிரேம் எடுப்பதாகச் சொன்னாலும், எப்போதும் சரியாக முப்பதே எடுப்பதில்லை. மணமேடையில் ஹோமப் புகை சூழ்ந்து வெளிச்சம் குறையும்போதும், தொடர்ந்து ஓடிச் சூடேறும்போதும் அது வேகத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்தில் காட்டப்பட வேண்டும் என்ற குறிப்பையும் கோப்புக்குள் எழுதி வைத்துவிடும். கைப்பேசியில் இருக்கும் பிளேயர் அந்த நேரக்குறிப்பைப் படித்து ஓட்டுவதால் அங்கே தவிலும் கையும் சேர்ந்தே விழுகின்றன. எடிட்டிங் டைம்லைன் அப்படிப்பட்டதன்று. அது விநாடிக்கு இத்தனை என்று சம இடைவெளியில் கட்டம் போட்ட தாளைப் போன்றது. சீரில்லாமல் வந்த ஃபிரேம்களை அந்தக் கட்டங்களில் வரிசையாக அடுக்கும்போது படம் முன்னே ஓடிவிடுகிறது. ஒலி அதன் சொந்த வேகத்தில் பின்னால் வருகிறது.

இதை உறுதிசெய்துகொள்ள, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ‘ஃபிரேம் ரேட் மோடு’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே ‘வேரியபிள்’ என்று இருந்தால் என் கணிப்பு சரி. அடுத்ததாக ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில், அதுவும் இலவசம்தான், அதே கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் ஃபிரேம் வேகத்தை 30 என்று வைத்து, அதன் கீழே ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தரத்துக்கான எண்ணை 16 அல்லது 18-இல் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு இருக்காது. எண் குறையக் குறைய தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை 25 ஃபிரேம் என்பதற்காக, முப்பதில் எடுத்ததை இருபத்தைந்துக்கு மாற்றிவிடாதீர்கள். ஆறு ஃபிரேமுக்கு ஒன்று உதிர்ந்து, மாலை மாற்றும் காட்சியில் கைகள் திக்கித் திக்கி நகரும்.

ஏற்கெனவே பாதி வெட்டி ஒட்டிவிட்டீர்கள் என்றால் பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கலாம். ஆனால் வெட்டுப் புள்ளிகள் அங்கங்கே சில ஃபிரேம் தள்ளிப்போயிருக்கும், ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்த வேண்டிவரும். அதனால் கைப்பேசியில் எடுத்த எதையும் டைம்லைனில் வைப்பதற்கு முன்பே மாற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நாதஸ்வரத்தைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்பவர்கள் இதையொட்டி ஒன்றைக் கவனிக்கலாம். விலகல் ஒரே சீராகக் கூடுகிறது என்றால், ஒரு மணி நேர முடிவில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். சரியாக 3.6 விநாடி வந்தால், 29.97 ஃபிரேமில் எடுத்த படத்தை யாரோ 30 என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1953-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்காக 30 என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்ததன் மிச்சம் அது. இன்றும் பல கேமராக்களில் 30 என்று எழுதியிருப்பது உண்மையில் 29.97தான். மணிக்கு இரண்டு மூன்று ஃபிரேம் மட்டுமே விலகினால் அது இரு கருவிகளின் கடிகார வேறுபாடு; ஒலியின் நீளத்தை நூற்றுக்கு ஒரு துளி நீட்டியோ சுருக்கியோ சரிசெய்துவிடலாம். ஒலி மெதுவாகி, சுருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கியிருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 44.1 என்று மென்பொருள் படித்துவிட்டது. படத்தைப் பார்க்காமலேயே நாதஸ்வர வித்துவான் அதைச் சொல்லிவிடுவார்.

கேள்வி: கோயில் திருவிழாக்களுக்கும் கடைத் திறப்பு விழாக்களுக்கும் எழுத்துகள் அசையும் சிறு விளம்பரங்கள் செய்கிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘கோயில்’ என்று தட்டினால் இரட்டைச்சுழி தனியாகவும் துணைக்கால் தனியாகவும் விழுகின்றன. எழுத்து எழுத்தாகப் பறந்து வரும் எஃபெக்ட்டைப் போட்டால் கொம்புகளும் கால்களும் ஆளுக்கொரு பக்கம் பறக்கின்றன. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லையே?
– செல்லூர் வாசகி

பதில்: அம்மா, இதை நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும், தமிழில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இந்தச் சுவரில் ஒருமுறையேனும் முட்டிக்கொள்கிறோம்.

‘கோ’ என்பதை நாம் ஓர் எழுத்தாகக் காண்கிறோம். யூனிகோடில் அது ‘க’ என்ற ஒன்றும் ‘ஓ’காரக் குறி என்ற ஒன்றும் ஆக இரண்டு குறியீடுகள். திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, இரட்டைச்சுழியைக் ‘க’வுக்கு முன்னும் துணைக்காலைப் பின்னும் வைக்க வேண்டும். எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளைப் படித்து இந்த வேலையைச் செய்வதற்கு மென்பொருளில் ஓர் எழுத்து இயந்திரம் தேவை. ஆங்கிலத்தையே மனத்தில் கொண்டு செய்யப்பட்ட இயந்திரம் எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கிவிட்டுப் போய்விடும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பிரிஃபரன்சஸ் பட்டியலில் ‘டைப்’ என்ற பகுதிக்குச் சென்று ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரீமியர் புரோவில் இதே தேர்வு ‘கிராஃபிக்ஸ்’ பகுதியில் இருக்கிறது. தேர்ந்தெடுத்த பிறகு மென்பொருளை மூடித் திறந்து, புதிய டெக்ஸ்ட் லேயரில் மீண்டும் தட்டிப் பாருங்கள்; பழைய லேயர் பழைய முறையிலேயே நிற்கக்கூடும். எழுத்துருவும் யூனிகோடு எழுத்துருவாக இருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் ஆகியவை தலைப்புக்கு நன்றாக நிற்கும். நம் ஊரின் பெயரையே தாங்கிய ஹிந்த் மதுரை என்ற எழுத்துருவும் உண்டு, சிறிய அளவிலும் தெளிவாகப் படிக்க முடிவதால் அடிவரிகளுக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன்.

‘பாமினி எழுத்துருவில் தட்டினால் உடையவே இல்லையே’ என்று உங்களிடம் அச்சகத்துக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அங்கே கணினியைப் பொறுத்தவரை இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்த நொடியில் போர்வை விலகிவிடும். வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பும் பெயர்ப் பட்டியலை அப்படியே ஒட்டவும் முடியாது. சப்டைட்டில் கோப்புக்கு அது அறவே உதவாது. அங்கே யூனிகோடில் தட்டி, யூடிஎஃப்-8 முறையில் சேமித்தாக வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் வரிகள் முழுதும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும்.

இனி பறக்கும் கொம்புகளுக்கு வருகிறேன். டெக்ஸ்ட் அனிமேட்டரில் ரேஞ்ச் செலக்டருக்குள் ‘அட்வான்ஸ்டு’ என்ற பிரிவைத் திறந்தால், ‘பேஸ்டு ஆன்’ என்ற இடத்தில் ‘கேரக்டர்ஸ்’ என்று இருக்கும். அதை ‘வேர்ட்ஸ்’ என்று மாற்றினால் சொல் சொல்லாக அசையும்; எதுவும் பிரியாது. பெரும்பாலான விளம்பரங்களுக்கு அதுவே போதும் என்பேன், தமிழில் சொல்லே படிக்கும் அலகு. எழுத்து எழுத்தாகத்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தால், டெக்ஸ்ட் லேயரை ஷேப் லேயராக மாற்றி, ‘கோ’வுக்குரிய மூன்று வடிவங்களையும் ஒரே குழுவில் போட்டு, குழுக்களுக்குக் கீஃபிரேம் கொடுங்கள். மாற்றுவதற்கு முன் டெக்ஸ்ட் லேயரின் படி ஒன்றை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்; விழா நாளன்று காலையில் சிறப்பு விருந்தினர் பெயரில் ஓர் எழுத்து மாறும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இடமிருந்து வலமாக மெல்ல விலகும் ஒரு மாஸ்க்கால் சொல்லை வெளிப்படுத்துங்கள். தமிழைக் கையால் எழுதும்போது நாம் கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் ‘க’வை எழுதுகிறோம். திரையிலும் அதே வரிசையில் கொம்பு, ‘க’, கால் என்று தோன்றும்போது யாரோ எழுதுவதைப் போலவே இருக்கும். டைப்ரைட்டர் எஃபெக்ட்டில் ஒருபோதும் கிடைக்காத அழகு அது.

வெளியிலிருந்து வாங்கிய டெம்ப்ளேட்டுகளில் வரி இடைவெளியையும் கூட்டிவிடுங்கள். மேல்வரியில் ‘கு’, ‘மூ’ போன்றவை கீழே இறங்க, கீழ்வரியில் ‘கி’, ‘மீ’ போன்றவை மேலே ஏறி ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும்.

கேள்வி: கள்ளழகர் வைகையில் இறங்கும் காட்சியை எடுத்தேன். கணினியில் கண்ணாடிபோல் இருக்கிறது. யூடியூபில் ஏற்றியதும் துருத்தி நீர் பீய்ச்சும் இடங்கள் எல்லாம் சதுரம் சதுரமாக உடைகின்றன. பேச்சு வரும் பகுதிகள் நன்றாக இருக்கின்றன.
– சிம்மக்கல் வாசகர்

பதில்: இப்படியொரு காட்சியைவிடக் கடினமான தேர்வை வீடியோச் சுருக்க முறைக்கு வைக்க முடியாது. சுருக்கம் என்பது, முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாததை மீண்டும் எழுதாமல், மாறியதை மட்டும் எழுதிவைக்கும் கணக்கு. ஒருவர் உட்கார்ந்து பேசினால் உதடும் கண்ணும் மட்டுமே மாறுகின்றன. தங்கக் குதிரை வாகனம் ஆற்றில் இறங்கும் நொடியில், ஆயிரம் தலைகள் அசைகின்றன, நூறு துருத்திகளிலிருந்து நீர் சிதறுகிறது, பூ விழுகிறது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதியது. கொடுத்த பிட் அளவுக்குள் இத்தனையையும் எழுத முடியாதபோது சதுரங்களாகத் தோராயமாக்கிவிடுகிறது. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசல் புழுதி உடைவதும் இதே காரணத்தால்தான்.

யூடியூப் உங்கள் கோப்பை எப்படியும் மீண்டும் சுருக்கும். நீங்கள் ஏற்கெனவே இறுகச் சுருக்கிய கோப்பைக் கொடுத்தால், உடைந்ததையே அது மறுபடி உடைக்கும். 1080 அளவில் விநாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது விநாடிக்கு 8 மெகாபிட். திருவிழாக் காட்சிக்கு அதை 20 முதல் 30 வரை உயர்த்தி ஏற்றுமதி செய்யுங்கள். கூடவே, டைம்லைனை 1440 அளவுக்கு உயர்த்தி ஏற்றுமதி செய்து பாருங்கள். படத்தின் உண்மையான நுணுக்கம் கூடாது என்றாலும், பெரிய அளவு வீடியோவுக்கு யூடியூப் கூடுதல் பிட் ஒதுக்குவதால் பார்வையாளருக்குப் போய்ச் சேருவது மேம்படும்.

அடுத்த ஆண்டு எடுக்கும்போது ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள். வெயில் ஏறியதும் தானியங்கி அமைப்பு 1/1000-க்கு மேலே போய்விடும். ஒவ்வொரு துளியும் கூராக உறைந்து நிற்கும். ஒளியைக் குறைக்கும் என்டி கண்ணாடியை லென்ஸின் முன் மாட்டி, 25 ஃபிரேமுக்கு 1/50 என்று வைத்தால் நீர் இழையாக ஓடும். பார்ப்பதற்கும் இதமாக இருக்கும், சுருக்குவதற்கும் எளிது. உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: மண்டபத்தில் எடுத்த வீடியோ முழுவதும் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டே இருக்கின்றன.
– வாடிப்பட்டி வாசகர்

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுத் துடிப்புகளை வாங்கிக்கொள்ளும். 1/60, 1/125 போன்ற எண்களில் பட்டை வரும். எடுத்து முடித்ததைச் சரிசெய்ய, அதே கிளிப்பின் நகலை மேலே வைத்து, ஒரு ஃபிரேம் தள்ளி, ஒபாசிட்டியை 50 விழுக்காடாக்குங்கள். பட்டை குறையும், முற்றிலும் போகாது. வேகமான அசைவுகளில் நிழல் தெரியும் என்பதால் நடனப் பகுதிகளில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஐபோனில் எடுத்ததை டைம்லைனில் போட்டால் முகமும் வேட்டியும் வெளுத்துத் தெரிகின்றன.
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் வீடியோ எச்டிஆர் என்ற, வெளிச்ச வீச்சு கூடிய முறையில் பதிவாகிறது, உங்கள் டைம்லைன் ரெக் 709 என்ற சாதாரண வண்ண முறையில் இருக்கிறது. கலர் கிரேடிங்கில் கருப்பாக்கிச் சமாளிக்க முயலாதீர்கள். கிளிப்பின் ‘இன்டர்பிரட் ஃபுட்டேஜ்’ பகுதியில் வண்ண முறையைச் சரியாகக் கொடுத்து, மென்பொருளையே மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். இனிமேல் எடுப்பதற்கு, கேமரா அமைப்பில் ‘எச்டிஆர் வீடியோ’ என்பதை அணைத்துவிட்டால் போதும்.

கேள்வி: எங்கள் யூடியூப் செய்திப் பக்கத்தில் சித்திரைத் திருவிழாச் சிறப்பு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய தங்கை, அழகர் உடுத்தும் பச்சைப்பட்டின் நினைவாகப் பச்சைப் பட்டுப்புடவை கட்டி வந்துவிட்டார். பின்னால் இருந்ததும் கிரீன் மேட். கீயிங் செய்தால் தலையும் கைகளும் மட்டும் மிஞ்சுகின்றன. மறுபடி எடுக்க வாய்ப்பில்லை.
– திருப்பரங்குன்றம் வாசகர்

பதில்: பின்னணியை நீக்கும் கீயிங்கில் ‘இந்த நிறத்தை எடு’ என்றுதான் சொல்கிறோம்; புடவை எது, துணி எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நல்லவேளையாக, அவர் உட்கார்ந்து பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வழி இருக்கிறது.

முதலில் இரண்டு பச்சைகளையும் அருகருகே பெரிதாக்கிப் பாருங்கள். கிரீன் மேட் பெரும்பாலும் கிளிப்பச்சையாகவும் பட்டு அடர்ந்த இலைப்பச்சையாகவும் இருக்கும். கீயிங்குக்கான கீலைட் எஃபெக்ட்டில் ‘ஸ்கிரீன் கலர்’ எடுக்கும்போது, துணியில் மிகவும் பளிச்சென்று இருக்கும் இடத்தைத் தொடாமல், புடவைக்கு மிக அருகில் உள்ள துணியின் நிறத்தை எடுத்து, ‘ஸ்கிரீன் கெய்னை’ மெல்லக் குறைத்தால் புடவையின் ஒரு பகுதி திரும்பி வரும். மீதிக்கு, அதே கிளிப்பின் நகலைக் கீயிங் இல்லாமல் கீழே வைத்து, புடவையின் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு மாஸ்க் வரையுங்கள். உடலின் நடுப்பகுதி முழுவதும் அந்த நகலிலிருந்து வரும். கீலைட்டிலேயே ‘இன்சைட் மாஸ்க்’ என்ற வசதி இதே வேலையைச் செய்யும். ஆக, கையால் உழைக்க வேண்டியது புடவையின் ஓரக்கோடு மட்டும். அதற்கு, உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் ரோட்டோ பிரஷ் என்ற கருவி உதவும். முந்தானை தோளில் அசையும் இடங்களில் ஃபிரேம் ஃபிரேமாகத் திருத்த வேண்டிவரும், இரண்டு நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜரிகையில் பச்சை ஒளி தெறித்திருக்கும். அதை நீக்கும் ஸ்பில் குறைப்பை முழுப் படத்துக்கும் போட்டால் பட்டு சாம்பல் நிறமாகிவிடும். கூந்தலுக்கும் கன்னத்துக்கும் மட்டும் தனி மாஸ்க்கில் கொடுங்கள். ஓரங்களில் படிக்கட்டுபோல் தெரிந்தால் அது உங்கள் தவறன்று. சாதாரணக் கேமராக்கள் ஒளி அளவைப் புள்ளிக்குப் புள்ளி பதிந்தாலும், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகத்தான் பதிகின்றன. அரைப் புள்ளி அளவுக்கு ஓரத்தை மென்மையாக்கினால் மறைந்துவிடும். திருவிழா நாள்களில் அறையில் ஒரு நீலத் துணியும் மடித்து வைத்திருங்கள். துணிக்கும் ஆளுக்கும் நடுவே ஆறடியாவது இருக்கட்டும்.

கேள்வி: மூன்று நிமிட மோஷன் கிராஃபிக்ஸ் வேலை. ரெண்டர், அதாவது இறுதி வீடியோவாக எழுதும் வேலை, ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடுகிறது. ஒருமுறை மின்தடையில் போன கோப்பு திறக்கவே மறுக்கிறது.
– மேலூர் வாசகர்

பதில்: ஒவ்வொரு முறையும் ஒரே ஃபிரேமில் நிற்கிறதா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் என்றால் குற்றவாளி அந்த இடத்தில் இருக்கிறான். அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் லேயர்களில் பாதியை அணைத்து அந்தப் பத்து ஃபிரேமை மட்டும் ரெண்டர் செய்யுங்கள். ஓடினால் அணைத்த பாதியில் கோளாறு, நின்றால் மிஞ்சிய பாதியில். இப்படியே பாதி பாதியாகப் போனால் ஐம்பது லேயர் இருந்தாலும் ஆறு முறைக்குள் பிடித்துவிடலாம். அளவுக்கு மீறிப் பெரிய புகைப்படமோ, பழுதான கிளிப்போ, கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தைத் தின்னும் எஃபெக்ட்டோதான் பெரும்பாலும் அகப்படும். வெவ்வேறு இடத்தில் நின்றால் சூட்டையும் நினைவகத்தையும் சந்தேகியுங்கள். நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில், விசிறியில் தூசி அடைந்த கணினி தன்னைக் காத்துக்கொள்ள நிற்பது இயல்பு.

மின்தடையைப் பற்றிச் சொல்வதானால், இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மூன்று மணி நேரத் திருமணத்தை இரவெல்லாம் ரெண்டர் போட்டுவிட்டு அருகிலேயே பாயில் படுத்திருந்தேன். விடியும்முன் விசிறி நின்றதில்தான் விழித்தேன். காலையில் வந்து நின்ற மணமகனின் தந்தைக்குச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நீண்ட வேலைகளை ஒற்றைக் கோப்பாக ரெண்டர் செய்வதையே விட்டுவிட்டேன். எம்பி4 கோப்பில், எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. அதற்குமுன் மின்சாரம் போனால், உள்ளே படம் இருந்தும் திறக்க முடியாது. அதற்குப் பதில் பிஎன்ஜி படவரிசையாக ரெண்டர் செய்யுங்கள். உங்கள் மூன்று நிமிடம் 25 ஃபிரேமில் 4,500 படங்கள். மூவாயிரமாவது படத்தில் மின்சாரம் போனால், கடைசியாகப் பாதி எழுதிய படத்தை அழித்துவிட்டு, ரெண்டர் அமைப்பில் ‘ஸ்கிப் எக்ஸிஸ்டிங் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மீண்டும் தொடங்கினால் விட்ட இடத்திலிருந்தே போகும். பிறகு ஒலியோடு சேர்த்து எம்பி4 ஆக்கச் சில நிமிடங்கள் போதும்.

பேட்டரி தீர்ந்து கேமராவிலேயே பாதியில் நின்ற கோப்புக்கும் இதே அட்டவணைக் குறைபாடுதான். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் போன்ற மீட்பு மென்பொருள்கள் அட்டவணையை மீண்டும் கட்டித்தரும். அதுவரை அந்த மெமரி கார்டில் வேறு எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: 1998-இல் நடந்த என் பெற்றோரின் அறுபதாம் கல்யாண வீடியோ விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. மறைந்த என் தந்தையின் குரல் இருக்கும் ஒரே பதிவு அதுதான். கணினிக்கு மாற்றிப் பார்த்தபோது, அசையும் இடங்களில் சீப்புப் பற்களைப்போல் கோடுகள் தெரிகின்றன, எல்லாரும் பருத்துத் தெரிகிறார்கள், அப்பா பேசும் இடத்தில் கரகரவென்று சத்தம் விட்டு விட்டு வருகிறது.
– சோழவந்தான் வாசகி

பதில்: அம்மா, கேசட்டை மீண்டும் போடும் முன் அதன் கண்ணாடிச் சன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள். வெண்பொடியாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். டேப்பைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லையென்றால், முழுவதும் ஒருமுறை முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு மாற்றத் தொடங்குங்கள். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் தளர்ந்துகொடுக்கும்.

சீப்புப் பற்கள் பழுதல்ல. அந்தக் காலத்து வீடியோ விநாடிக்கு 50 அரைப்படங்களாக, ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் காட்டியது. இரண்டையும் ஒரே படமாக அடுக்கும்போது, ஆரத்தித் தட்டைச் சுற்றும் அம்மாவின் வளையல் ஓர் அரைப்படத்தில் ஓரிடத்திலும் அடுத்ததில் சற்றுத் தள்ளியும் இருப்பதால் பற்கள் தோன்றுகின்றன. ஹேண்ட்பிரேக்கில், அரைப்படங்களைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் ‘பாப்’ என்ற தேர்வைக் கொடுத்தால், ஒவ்வோர் அரைப்படமும் ஒரு முழு ஃபிரேமாகி, விநாடிக்கு 50 ஃபிரேமாக வழுவழுவென்று ஓடும். மாற்றிய பிறகு கை முன்னே போய்ப் பின்னே வந்து மீண்டும் முன்னே போவதுபோல் துடித்தால், அரைப்படங்களின் வரிசை தலைகீழாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றிக் கொடுங்கள்.

பருத்துத் தெரிவதற்குக் காரணம், 4:3 வடிவப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டதுதான். 1920-க்கு 1080 அளவு டைம்லைனில் படத்தை 1440-க்கு 1080 அளவில் நடுவில் வைத்து, இருபுறமும் கறுப்பாக விட்டுவிடுங்கள். அந்த இடத்தை நிரப்ப மங்கலாக்கிய பின்னணியோ பூக்கொடியோ போட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கண் முகங்களில் நிற்கட்டும்.

குரலைப் பற்றி: நல்ல விஎச்எஸ் டெக்கில் பதிந்த கேசட்டில் ஒலி இரண்டு இடங்களில் இருக்கும். ஹைஃபை ஒலி படத்தோடு சேர்ந்து பதிந்திருக்கும். சாதாரண ஒலி டேப்பின் ஓரத்தில் தனித் தடமாக ஓடும். டேப் தேய்ந்தால் ஹைஃபை ஒலிதான் முதலில் கரகரக்கும், விட்டு விட்டு வரும். ஹைஃபை டெக்கில் ஒலித் தேர்வை ‘நார்மல்’ என்று மாற்றி, அப்பா பேசும் பகுதியை மட்டும் மீண்டும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். தரம் சற்றுக் குறைவாக, பழைய வானொலியில் கேட்பதுபோல் இருக்கும். ஆனால் இடையில் அறுபடாது. அதைத் தனி ஆடியோ டிராக்காக டைம்லைனில் வைத்து, அவருடைய உதட்டசைவோடு பொருத்தி, கரகரப்பு வரும் இடங்களில் மட்டும் அந்த ஒலிக்கு மாறிக்கொள்ளுங்கள்.